ராப்பாட்டுக்காரி

அத்தியாயம் 14

உஷாவைத் திட்டிச் சிலரும் நல்லசிவத்தைத் திட்டிப் பலரும் எழுதியிருக்கிறீர்கள். தாராபுரத்திலிருந்து ஓர் அம்மா, "பொண்டாட்டியைக் கேக்காம முடிவு பண்ற மனுசனுக்குச் சோறு எதுக்கு?" என்றே கேட்டுவிட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் உஷா சோற்றை நிறுத்தவில்லை, பேச்சைத்தான் நிறுத்தியிருக்கிறாள்.

இன்றைக்குத்தான் கதைக்குள் நுழைகிறவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். வீடு மலைமேல், ஜெகதளாவில். நல்லசிவத்துக்கு அருவங்காட்டு ஃபேக்டரியில் வேலை. பதவி உயர்வு வந்திருக்கிறது, கூடவே ஜபல்பூருக்கு மாற்றலும் வந்திருக்கிறது. "போலாம்னு இருக்கேன்" என்று வந்து சொன்னான். "போலாமா?" என்று கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

உஷாவுக்குக் கடைவீதியில் ஒரு தையல் கடை. 'உஷா' என்று போர்டு மாட்டியதால் மெஷின் ரிப்பேருக்குத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. அவர்களிடம் பேசிப் பேசியே ஜாக்கெட்டுக்கும் சுடிதாருக்கும் ஆள் பிடித்தவள் அவள். நல்லசிவம் சொன்னதைக் கேட்டு, "போயிட்டு வாங்க" என்றாள். அதுதான் இருவருக்கும் இடையில் கடைசிப் பேச்சு. மூன்று வாரம் ஆகிறது. போகிறேன், போகவில்லை என்று ஃபேக்டரியில் அவன் முடிவைச் சொல்ல வெள்ளிக்கிழமை கெடு. இன்று புதன்.

சரி, வீட்டுக்குள் போவோம்.

காலையில் ஜன்னலைத் திறந்தால் எதிர்வீடு தெரியவில்லை, அவ்வளவு பனி. உஷா அடுப்படியில் நின்றாள். நல்லசிவம் முன்னறையில் உட்கார்ந்து காலுறை மாட்டிக்கொண்டிருந்தான். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு வாசல் நிலை. நிலையை ஒட்டி நின்றது, நான்காம் வகுப்பு படிக்கும் மகள் கனிஷ்கா.

"அப்பாகிட்டச் சொல்லு கனி, டப்பா மேஜை மேல இருக்குதுன்னு."

"அப்பா, டப்பா மேஜை மேல இருக்குதாம்."

"அம்மாகிட்டச் சொல்லு, பாத்துட்டேன்னு."

"அம்மா, பாத்துட்டாங்களாம்."

டப்பா அவன் மூக்குக்கு நேரே இருந்தது. உஷா சொன்னதும் அவன் காதில் விழாமல் இல்லை. ஆனாலும் தபால் தபால்காரர் வழியாகத்தான் போக வேண்டும் என்று இந்த வீட்டில் ஒரு சட்டம் ஆகிவிட்டது. கேஸ் தீர்ந்தது, பால்காரர் வந்தது, பக்கத்து வீட்டு வளைகாப்பு எல்லாமே கனி வழியாகத்தான் போய் வந்தது.

கொஞ்ச நாளாக அவள் ஒரு காரியம் செய்தாள். சேதி சொல்வதற்கு முன்னால் நிலைக்கட்டையில் டொக் டொக் என்று இரண்டு தட்டுத் தட்டினாள். எதற்கு என்று நல்லசிவம் கேட்டதற்குச் சும்மா என்றாள். குழந்தைகள் சும்மா என்று சொன்னால் பெரியவர்கள் நம்பிவிடுகிறார்கள்.

"அம்மா, எனக்கு ஒண்ணு சொல்லணும்."

"அப்பறமாச் சொல்லு சாமி. பள்ளிக்கூடத்து மீட்டிங்குக்கு நான் போறேன், அவங்க வர்றாங்களான்னு முதல்ல அப்பாகிட்டக் கேளு."

கேட்டாள். வருவதாகச் சொல்லச் சொன்னான். சொல்லிவிட்டு வந்து, "அப்பா, எனக்கு ஒண்ணு..." என்று ஆரம்பித்தாள். வேன் வந்துவிடும், முதலில் ஷூவைப் போடு என்றுவிட்டான் அவன். அந்த ஒன்று என்ன என்று இரண்டு பேரும் கேட்கவில்லை. எனக்குக் கோபம்தான். ஆனால் இப்போது நின்று சண்டை போட நேரமில்லை, பள்ளிக்கூடத்தில் அதைவிடப் பெரிய குழப்பம் காத்துக்கொண்டிருக்கிறது.

அந்தக் குழப்பம் போன வாரம் ஒரே ஒரு வார்த்தையில் பிறந்தது.

பள்ளிக்கூடத்துக்குப் புதிதாகப் பாட்டு வாத்தியார் ஒருவர் வந்திருந்தார். பெயர் டக்ளஸ். பக்கத்து வெலிங்டன் பையன், தாடிகூட இன்னும் ஒழுங்காக முளைக்கவில்லை. தமிழில் தட்டெழுத வராது என்பதால் போனிடம் வாயால் சொல்லி, அது எழுதிக் கொடுத்ததை அப்படியே பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். 'இந்தப் பருவத்தில் நான்காம் வகுப்பு மாணவர்களுக்கு ராப்பாட்டு சொல்லித் தரப்படும். சம்மதம் என்றால் கட்டைவிரல் போடவும்.'

போனைக் குறை சொல்லி என்ன பயன்? ராச்சோறு, ராத்தூக்கம், ராப்பிச்சை என்று பேசிப் பழகிய ஜனங்கள் ராப்பாட்டு என்பதை எப்படிப் படிப்பார்கள்? ராத்திரிப் பாட்டு என்றுதான் படித்தார்கள்.

உஷா அதைத் தாலாட்டு என்று எடுத்துக்கொண்டாள். பிள்ளை போனைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போகிறாள், இனிமேல் ஒரு பாட்டைப் பாடிவிட்டாவது தூங்கட்டும் என்று கட்டைவிரலைப் போட்டாள்.

எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் பாலாமணியின் மகனும் அதே வகுப்புத்தான். பாலாமணி குரலில் பதில் அனுப்பினாள். கிளாஸ் ராத்திரி எத்தனை மணிக்கு விடும், எங்கள் லைன் வீட்டுப் பக்கம் கரடி இறங்குகிறது, பையனை யார் கூட்டிக்கொண்டு வருவது என்று அவள் பதறியது குழு முழுக்கக் கேட்டது.

பேக்கரி லிங்கசாமிக்கு ராப்பாடி ஞாபகத்துக்கு வந்துவிட்டார். சுடுகாட்டிலிருந்து கிளம்பி, குடுகுடுப்பையை ஆட்டிக்கொண்டு, ஊர் தூங்கும் நேரத்தில் வாசல் வாசலாக நின்று நல்லது கெட்டது சொல்லிப் போவாரே, அவர். ஃபீஸ் கட்டிப் படிக்க வைப்பது என் மகன் வாசல் வாசலாக நிற்பதற்கா என்று லிங்கசாமி கொதித்து எழுதினார். அதற்கு ஏழெட்டுப் பேர் கும்பிடு போட்டார்கள்.

சரியாகப் புரிந்துகொண்டவன் நல்லசிவம் ஒருவன்தான். ஃபேக்டரி பஸ்ஸில் சின்னப் பையன்கள் கேட்பதை அவனும் கேட்டிருக்கிறான். அவனுக்குத் தெரிந்த ராப் என்பது தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, விரலை நீட்டி நீட்டி யாரையோ ஏசுவது. 'மரியாதை கெட்ட பாட்டு. எங்கள் குழந்தைக்கு வேண்டாம்' என்று எழுதினான்.

ஆக, ஒரே குழந்தைக்கு அம்மா கட்டைவிரல் போட்டாள், அப்பா வேண்டாம் என்றான். இரண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழே, நடுவில் ஒரு சுவரை வைத்துக்கொண்டு இதைச் செய்தார்கள்.

மற்ற வீடுகளில் என்றால், "ஏனுங்க, ராப்பாட்டுன்னா என்னுங்க?" என்ற ஒரு கேள்வியில் விஷயம் தீர்ந்திருக்கும். இந்த வீட்டில் அந்த 'ஏனுங்க' மூன்று வாரமாகப் பூட்டிக் கிடக்கிறது. தாலாட்டில் என்ன மரியாதைக் கேடு, நான் சரி என்றதால்தான் இந்த மனுசன் வேண்டாம் என்கிறார் என்று உஷா நினைத்தாள். நான் வேண்டாம் என்பேன் என்று தெரிந்தே இவள் முந்திக்கொண்டு விரலைப் போட்டாள் என்று அவன் நினைத்தான். வீம்புக்கு மருந்து ஏது? தலைமை ஆசிரியை மெட்டில்டா எல்லோரையும் நேரில் வரச் சொல்லிவிட்டார்.

பள்ளிக்கூடத்துக் கூடம் முழுக்க ஈரக் கம்பளி வாடை. பிள்ளைகள் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பெற்றோர்கள் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் மடங்கி உட்கார்ந்திருந்தார்கள். உஷா இடது ஓரத்தில் இருந்தாள். ஃபேக்டரியில் பர்மிஷன் போட்டு வந்த நல்லசிவம் வலது ஓரத்தில் இருந்தான்.

டக்ளஸ் முதலில் மன்னிப்புக் கேட்டான். அது ராத்திரிப் பாட்டு இல்லை, போன் ராப்பையும் பாட்டையும் ஒட்டி எழுதிவிட்டது, ராப் என்று ஒரு பாட்டு வகை, அதுவும் பாட்டுக்கூட இல்லை என்றான். கேட்டவர்களுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"பேச்சுதானுங்க. தாளத்துல பேசற பேச்சு" என்றான்.

லிங்கசாமி எழுந்தார். "பேசறதுக்கு எதுக்குங்க சார் ஒரு பீரியடு? எம்பையன் வாயை மூடட்டும்னுதானே நான் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பறேன்."

கூடம் சிரித்தது. அப்புறம் ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தார்கள். ஒருவருக்குக் கர்நாடக சங்கீதம் வேண்டுமாம். ஒருவருக்குக் கீபோர்டு. பின்னால் ஒருவர், இது பரீட்சைக்கு வருமா என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். பாலாமணி எழுந்து, கிளாஸ் பகலா ராத்திரியா என்றாள். பகல்தான் என்றார் மெட்டில்டா. "அப்ப எனக்குச் சம்மதமுங்க" என்று உட்கார்ந்தாள். அந்தக் கூடத்தில் தெளிவாக இருந்தவள் அவள் ஒருத்திதான்.

உஷாவுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. தாலாட்டு இல்லையா இது? எழுந்து, நான் தப்பாக நினைத்துவிட்டேன், எனக்கும் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த மனுசன் சொன்னது சரி என்று ஆகிவிடுமே. மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டு, ஊர்ச்சபையில் போய்த் தோற்பதா?

எழுந்துவிட்டாள். "புள்ளைங்க பேசட்டுமேங்க" என்றாள். அதற்கு மேல் என்ன சொல்வது என்று தெரியவில்லை. எதற்காக வாதாடுகிறோம் என்றே அவளுக்குத் தெரியாது.

நல்லசிவமும் எழுந்தான். குழந்தைக்கு முதலில் மரியாதையாகப் பேசக் கற்றுக்கொடுங்கள், அப்புறம் தாளத்துக்குப் போகலாம் என்றான். "சரியாச் சொன்னீங்க தம்பி" என்று லிங்கசாமி அவன் முதுகில் தட்டினார். கடை வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தக் கூடாது என்று போன மாதம் அவனிடம் மல்லுக்கு நின்ற அதே லிங்கசாமி. அவர் கை முதுகில் பட்டதும், தான் நிற்கும் பக்கம் சரியான பக்கம்தானா என்று நல்லசிவத்துக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

லிங்கசாமி விடவில்லை. "பொம்பளைங்க வெவரம் தெரியாம வெரலைப் போட்டுடறாங்க."

"அவங்க வெவரம் தெரியாம ஒண்ணும் போடலைங்க" என்றான் நல்லசிவம்.

சொன்ன பிறகுதான் சொன்னது அவனுக்கே தெரிந்தது. லிங்கசாமி கையை எடுத்துக்கொண்டார். உஷா திரும்பிப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். இவன் இப்போது வேண்டும் கட்சியா, வேண்டாம் கட்சியா? கூடத்தில் யாருக்கும் தெரியவில்லை. அவனுக்கும் தெரியவில்லை.

மெட்டில்டா மேஜையைத் தட்டினார். பேசிக்கொண்டே இருந்தால் பொழுது போய்விடும், முன்னோட்டமாக நடந்த இரண்டு வகுப்பில் பிள்ளைகள் என்ன கற்றுக்கொண்டார்கள் என்று கேட்டுவிட்டு முடிவு செய்யலாம் என்றார். எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது. பாவம், என்ன வரப் போகிறது என்று யாருக்குத் தெரியும்?

டக்ளஸ் பிள்ளைகளுக்கு ஒரு விதி வைத்திருந்தான். வீட்டில் தினமும் காதில் விழும் பேச்சை எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லாததைச் சேர்க்கக் கூடாது. அவ்வளவுதான். அதைப் பெற்றோரிடமும் பெருமையாகச் சொன்னான். சொல்லிவிட்டு மேஜையில் விரலால் தாளம் போட ஆரம்பித்தான்.

முதலில் லிங்கசாமியின் மகன் வந்தான். கன்னம் இரண்டும் பன் மாதிரி இருக்கும் பையன். பயமே இல்லாமல் பாடினான்.

"நேத்துப் போட்ட வர்க்கி, இன்னிக்குன்னு சொல்லு.
முந்தாநாளு பன்னு, நேத்துன்னு சொல்லு.
நம்ம ஊட்டுக்குன்னா, புதுசாப் பாத்து எடு."

கூரை பிய்ந்துபோகும் அளவுக்குச் சிரிப்பு. காலையில் வர்க்கி வாங்கித் தின்றுவிட்டு வந்தவர்கள் மட்டும் கொஞ்சம் குறைவாகச் சிரித்தார்கள். லிங்கசாமி மஃப்ளரை மூக்குவரை ஏற்றிக்கொண்டார்.

அடுத்தது பாலாமணியின் மகன். "எந்திரி எந்திரி, லாரி வந்துரும். சோத்தைத் தின்னு, லாரி வந்துரும். அம்மாவை விட்டுட்டு லாரி போயிரும்" என்று பாடிவிட்டு உட்கார்ந்தான். பாலாமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர்.

ஆனால் அதற்குள் மற்றவர்கள் சிரிப்பு அடங்கிவிட்டது. எங்கள் வீட்டில் தினமும் கேட்கும் பேச்சு என்ன என்று ஒவ்வொருவரும் மனசுக்குள் துழாவ ஆரம்பித்தார்கள். ஒருவர் மெல்ல எழுந்து வெளியே போய் மகனைச் சைகை காட்டி அழைத்தார். கர்நாடக சங்கீதம் கேட்டவர் தலையைக் குனிந்துகொண்டார். ராப் நல்லதா கெட்டதா என்ற பேச்சு அங்கே முடிந்தேபோனது.

உஷாவும் யோசித்தாள். நம் வீட்டில் என்ன பேச்சு கேட்கிறது? ஒன்றும் கிடையாது, நம் வீட்டில்தான் பேச்சே இல்லையே என்று நிம்மதியாகப் பெருமூச்சு விட்டாள். விட்ட மூச்சு பாதியில் நின்றது. கனி எழுந்து நின்றிருந்தாள்.

டக்ளஸ் தாளம் போடுவதற்கு முன்னால் கனியே மேஜையில் தட்டினாள். டொக் டொக். அந்தத் தட்டு நல்லசிவத்துக்குத் தெரிந்த தட்டு.

"அப்பாகிட்டச் சொல்லு, சோறு மேஜையில இருக்கு.
அம்மாகிட்டச் சொல்லு, எனக்குப் பசி இல்லை.
அப்பாகிட்டச் சொல்லு, கேஸு தீந்து போச்சு.
அம்மாகிட்டச் சொல்லு, எனக்குத் தெரியுமின்னு சொல்லு.
அப்பா இங்க, அம்மா அங்க,
நெலைக்கிட்ட நானு, நடந்து நடந்து நானு.
அவங்க சொன்னா நான் சொல்றேன்,
இவங்க சொன்னா நான் சொல்றேன்.
எனக்கு ஒண்ணு சொல்லணுமே,
யார்கிட்டச் சொல்ல?"

கடைசி வரியில் கனி தட்டுவதை நிறுத்திவிட்டாள். டக்ளஸின் விரலும் நின்றது. கைதட்டலாமா கூடாதா என்று தெரியாமல் ஜனங்கள் கையை மடியில் வைத்துக்கொண்டார்கள். பெஞ்சுக்கு அடியில் நல்லசிவத்தின் கால் அதுவரை அவனைக் கேட்காமலே தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அதுவும் நின்றது. உஷாவுக்கு அழுகை வரவில்லை. எழுந்து ஓடிவிட வேண்டும் போல இருந்தது, அவ்வளவு வெட்கம்.

லிங்கசாமிதான் பேசினார், இந்த முறை மெதுவாக. "இதுக்குத்தானுங்க நான் பயந்தேன். ராப்பாடி இப்படித்தான். வாசல்ல நின்னு உள்ள இருக்கறதைச் சொல்லிப்புட்டுப் போயிருவான்."

யாரும் சிரிக்கவில்லை. போன் தப்பாகத்தான் எழுதியது, ஆனால் எழுதியது தப்பில்லை போல என்று எனக்கே தோன்றிவிட்டது.

மெட்டில்டா தொண்டையைச் செருமிக்கொண்டார். பாட்டு வகுப்பு வேண்டும் என்பவர்கள் கை தூக்கலாம், வீட்டுக்கு ஒரு கைதான் என்றார். சில கைகள் ஏறின, சில கைகள் பாதியில் நின்றன. லிங்கசாமி யோசித்து யோசித்து, தூக்காமல் விட்டார். பாலாமணி இரண்டு கையையும் தூக்கி, ஒன்றை இறக்கிக்கொண்டாள். இடது ஓரத்திலும் வலது ஓரத்திலும் மட்டும் அசைவில்லை.

"கனிஷ்கா ஊட்டுல என்ன சொல்றீங்க?"

நல்லசிவம் எழுந்தான். உஷாவைக் கேட்க வேண்டும், வீட்டுக்கு ஒரே கைதானே. கேட்கத்தான் நினைத்தான், சத்தியமாக நினைத்தான். ஆனால் மூன்று வாரப் பழக்கம் நாக்கில் ஏறி உட்கார்ந்திருந்தது.

"கனி, அம்மாகிட்டச் சொல்லு..."

கூடம் முழுக்கக் கேட்டது. பாட்டு மறுபடியும் ஆரம்பிக்கிறது என்று நினைத்துக்கொண்டு, முன் வரிசையில் ஒரு வாண்டு தரையில் தட்டியது. டொக் டொக்.

நல்லசிவம் வாயைத் திறந்தபடியே நின்றான். அப்புறம் உட்கார்ந்துவிட்டான். மெட்டில்டா நல்ல மனுஷி, அதற்கு மேல் கேட்கவில்லை. உங்கள் வீட்டுப் பதிலை வெள்ளிக்கிழமை சொல்லுங்கள் என்றார். வெள்ளிக்கிழமை என்ற பெயரே அவனுக்குக் கசந்திருக்கும்.

வெளியே தூறல். உஷா பஸ்ஸுக்கு நிற்கவில்லை, கனியைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அவன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நிறுத்தினான், ஏறு என்று சொல்லவில்லை. அவள் கனியை ஏற்றிவிட்டுப் பின்னால் உட்கார்ந்தாள். ஜெகதளா ஏற்றத்தில் வண்டி முனகிக்கொண்டு போனது. கனிக்கு முன்னால் அப்பாவின் முதுகு, பின்னால் அம்மாவின் வயிறு. நடுவில் அவளுக்குக் குளிரவில்லை, எதுவும் தெரியவும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் உஷா நேராக அடுப்படிக்குப் போய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்தாள். கனி முன்னறையில் ஸ்வெட்டரைக் கழற்றினாள். நல்லசிவம் அங்கேயும் இங்கேயும் நடந்துவிட்டு, நிலையைத் தாண்டி அடுப்படிக்குள் வந்தான்.

"உஷா."

அவள் டீத்தூள் டப்பாவை மூடவும் இல்லை, திறக்கவும் இல்லை. முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்று அவளுக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

"ஏனுங்க" என்றாள். "அந்த ராப்பாட்டுன்னா தாலாட்டுன்னு நெனச்சுப்புட்டேனுங்க."

நல்லசிவம் அவளையே பார்த்தான். முதலில் அவன் தோள்தான் குலுங்கியது. தாலாட்டா, தாலாட்டுக்கா நான் மரியாதை கெட்ட பாட்டு என்று எழுதினேன் என்று கேட்டு, கேட்டு முடிப்பதற்குள் சிரித்துவிட்டான். அவளும் சிரித்தாள். பொங்கிய தண்ணீர் அடுப்பை அணைத்ததுகூட இருவருக்கும் தெரியவில்லை.

முன்னறையில் கனிக்கு அந்தச் சிரிப்பு கேட்டது. ஸ்வெட்டரைக் கையில் பிடித்தபடி நின்று கேட்டாள். அப்படியே நிறுத்தியிருந்தால் இந்த வாரம் நானும் சந்தோஷமாக முடித்திருப்பேன்.

சிரிப்பு கொடுத்த தைரியத்தில் அவன் சொல்லிவிட்டான்.

"ஃபேக்டரியில கையெழுத்துப் போட்டுட்டேன் உஷா. திங்கக்கிழமையே."

"என்னன்னு?"

"போறேன்னு."

உஷா அடுப்பைப் பற்றவைக்கத் தீப்பெட்டியை எடுத்தாள். குச்சி எரியவில்லை. அவன் படபடவென்று பேசினான். வெள்ளிக்கிழமை வரைக்கும் மாற்றிக்கொள்ளலாம் என்கிறார்கள், காலையிலிருந்து எனக்கு ஒன்றுமே புரியவில்லை, நீ போ என்றால் போகிறேன், வேண்டாம் என்றால் வாபஸ் வாங்குகிறேன் என்றான்.

"கையெழுத்தைப் போட்டுப்புட்டு இப்ப எதுக்குங்க என்னைக் கேக்கறீங்க?"

"இப்பத்தானே உஷா பேசறோம்."

அவள் அடுத்த குச்சியை உரசினாள். பேச்சு நிற்கவில்லை. கடையை என்ன செய்வது என்றாள் அவள். அங்கேயும் கடை போடலாம் என்றான் அவன். ஹிந்திக்காரிக்கு எந்தப் பாஷையில் அளவெடுப்பேன் என்றாள். தனியாகப் போய் உப்புமாவைத் தின்றுகொண்டு கிடக்கவா என்றான். மூன்று வாரத்துப் பேச்சு மடை உடைந்த மாதிரி வந்துகொண்டிருந்தது. சண்டையா, சமாதானமா என்று கேட்டால் எனக்கே தெரியவில்லை. அவர்கள் மறுபடி புருஷன் பெண்டாட்டியாகப் பேசிக்கொண்டிருந்தார்கள், அது மட்டும் நிச்சயம்.

கனி வாசல் நிலைக்கு வந்து நின்றாள். யாராவது ஏதாவது கொடுத்தனுப்புவார்கள் என்று பழக்கத்தில் காத்திருந்தாள். அம்மா சொன்னதை அப்பாவே கேட்டார். அப்பா சொன்னதை அம்மாவே கேட்டாள். அவள் எடுத்துக்கொண்டு போக ஒரு வார்த்தைகூட மிஞ்சவில்லை.

"அம்மா, எனக்கு ஒண்ணு சொல்லணும்."

"இரு கண்ணு, அப்பாகிட்டப் பேசிட்டிருக்கேன்ல."

"அப்பா, எனக்கு..."

"இரு சாமி, அம்மாகிட்டச் சொல்லிட்டிருக்கேன்."

அவள் இருந்தாள். சந்தோஷப்பட வேண்டுமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. நாளைக்கு டக்ளஸ் சார் பாடச் சொன்னால் எதைப் பாடுவது என்றும் தெரியவில்லை. அடுப்படியில் குரல்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

நிலைக்கட்டையில் விரலால் இரண்டு தட்டுத் தட்டினாள். பிறகு, சொல்ல வேண்டிய அந்த ஒன்றை, நிலைக்கட்டையிடம், தாளம் தப்பாமல் சொன்னாள்.